செருப்பு மாட்டிக்கொண்டே சொன்ன வைத்தியம்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பின்னால் வசதியாக இருக்கும். கைக்குழந்தையாக இருந்தபோதே தொட்டிலை உதைத்துக் கவிழ்த்தேன் என்று அம்மா சொல்வாள். (அம்மா கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள், ஆனால் தொட்டில் கவிழ்ந்தது உண்மை.) பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொல்வது மற்றவர்களுக்குத் தண்டனை, எனக்கு வரம். சாப்பிடுவது நின்றுகொண்டு, படிப்பது நடந்துகொண்டு. இப்படிப்பட்டவள் ஆபரேஷன் தியேட்டர் பக்கம் போயிருந்தால் நாள் முழுக்க நிற்கவிட்டிருப்பார்கள். நான் போய்ச் சேர்ந்ததோ பொது மருத்துவம். நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து, ஆதியோடந்தமாகக் கதை கேட்டு, என்ன வியாதி என்று கண்டுபிடிக்கிற படிப்பு. தலையெழுத்து.

பெங்களூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எம்.டி. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். குடியிருந்தது ஈஜிபுராவில், கஸ்தூரி அக்கா வீட்டு மாடியில். அக்கா கீழ் ஹாலில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பார். காலையில் இரண்டு பேட்ச், சாயங்காலம் நாலு. தெருவில் ஆட்டோ, தண்ணீர் லாரி, காய்கறி வண்டி மைக் எல்லாவற்றையும் மீறி அக்காவின் குரல் என் பாத்ரூம் வரைக்கும் ஏறி வரும். குளித்து முடிப்பதற்குள் எனக்கு இரண்டு தேற்றம் மனப்பாடமாகிவிடும்.

அந்தக் குரல்தான் ஒரு நாள் காலை கட்டிக்கொண்டது.

நான் படியிறங்கிக்கொண்டிருந்தேன். இடது காலில் செருப்பு, வலது செருப்பு கையில், வாயில் ஹேர்கிளிப், தெருமுனையில் என் பஸ். அக்கா படிக்கட்டுக் கீழே நின்று கரகரத்தார்.

"டாக்டரே, சொல்ப நில்லு, ஒரு நிமிஷம். தொண்டை கட்டிக்கினு பேச்சே வர மாட்டேங்குது. எதுனா மாத்திரை சொல்லேன்."

"மாத்திரை எதுக்குக்கா? அதிமதுரம் வாங்கி ஒரு துண்டு வாயில அடக்கிக்கோங்க. தொண்டைக்கு அவ்ளோ நல்லது. சைடு எஃபெக்ட்டே கிடையாது!"

'கிடையாது' என்று சொன்னபோது நான் கேட்டைத் தாண்டியிருந்தேன். நாளைக்கு எத்தனை துண்டு, எத்தனை நாள், உங்களுக்கு பிரஷர் உண்டா, ஒரு கேள்வி கிடையாது. மொத்த வைத்தியமும் நாலு படிக்குள் முடிந்துவிட்டது. பஸ்ஸில் (நின்றுகொண்டே) நினைத்துப் பார்த்துப் பெருமைப்பட்டேன். தேவையில்லாமல் மாத்திரை எழுதாத நல்ல டாக்டர் நான்.

நாலு மாசம் போனது. பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்க நெருங்க அக்கா வாடிக்கொண்டே வந்தார். போர்டில் எழுதக் கை தூக்க முடியவில்லை என்றார். வெயில், அலைச்சல் என்று நானே சமாதானம் சொன்னேன் (போகிறபோக்கில்தான், வேறெப்படி?). பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனவர் கால் துவண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கான அவர் வீட்டுக்காரர் முருகேசன் அண்ணன்தான் அவரைத் தூக்கி ஆட்டோவில் போட்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்.

பிரஷர் உச்சியில் இருந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் பாதாளத்தில் கிடந்தது. பொட்டாசியம் குறைந்தால் கைகால் தளரும். இன்னும் குறைந்தால் இதயம் தாளம் தப்பி நின்றேகூடப் போகலாம். மானிட்டர் வைத்து, சலைன் வழியாகப் பொட்டாசியம் ஏற்றினோம். ஏற்ற ஏற்ற அது எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

இப்போது ஒரு அசிங்கமான உண்மையைச் சொல்லவேண்டும். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். பொது மருத்துவம் படிக்கிறவர்களுக்கு டெங்குவும் சர்க்கரையும் பார்த்துப் பார்த்து நாக்கு செத்திருக்கும். பிரஷர் ஏறி, பொட்டாசியம் இறங்கி, காரணம் தெரியாமல் ஒருவர் வந்தால் அது பலாப்பழம் தானாக மடியில் விழுந்த மாதிரி. சிறுநீரகத்தின் தலையில் குல்லா வைத்தாற்போல் ஒரு சுரப்பி உண்டு. அதில் கட்டி வந்தால் இப்படித்தான் ஆகும். அதுதான் என்று எனக்குத் தீர்மானமாகிவிட்டது. முதலில் ரத்தத்தில் ஹார்மோன் பார்த்துவிட்டுப் பிறகுதான் ஸ்கேன் எடுக்கவேண்டும். அதுவரைக்கும் யார் காத்திருப்பது? ஓடிப்போய் ஸ்கேனுக்கு எழுதினேன்.

இடது பக்கச் சுரப்பியில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி!

நான் கைதட்டிவிட்டேன். ஸ்கேன் எடுத்தவர் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு சொன்னீங்களே?" என்றார்.

அக்காவிடம் ஆபரேஷன் என்றதும் அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

"ஆபரேஷனா? பசங்களுக்கு டிரிக்னாமெட்ரியே இன்னும் முடிக்கல டாக்டரே. பரீட்சை முடிஞ்சி பண்ணிக்கலாமா? எனக்கு ஏதானா ஆயிட்டா அதுங்க கதி என்னா?"

தன்னைப் பற்றிக்கூட அவர் கவலைப்படவில்லை. எனக்கு மனசு இளகிவிட்டது. இளகியது என்னவோ நிஜம், அதற்காக வெள்ளிக்கிழமை மொத்த டிபார்ட்மெண்ட் முன்னாலும் இந்த கேஸை நான் விளக்கப்போகும் அழகை மனசுக்குள் ஒத்திகை பார்ப்பதை நிறுத்தினேனா என்றால் இல்லை.

வியாழக்கிழமை ஹார்மோன் ரிசல்ட் வந்தது. கட்டிதான் காரணம் என்றால் அந்தச் சுரப்பியின் ஹார்மோன் எகிறியிருக்கவேண்டும். அது தரையில் கிடந்தது. லேபோடு சண்டை போட்டு மறுபடி பார்க்கச் சொன்னேன். மறுபடியும் தரைதான். வார்டுக்கும் லேபுக்கும் நடந்தேன், லேபுக்கும் லைப்ரரிக்கும் நடந்தேன். "டாக்டர், டைல்ஸ் தேஞ்சிடும்," என்றார் வார்டு சிஸ்டர்.

நடந்து நடந்து அடுத்ததைக் கண்டுபிடித்தேன். உலகத்தில் ஏதோ ஓரிரு குடும்பங்களில் வரும் பரம்பரை வியாதி! உடனே அக்காவின் வம்சாவளியைக் கேட்டுப் படம் போட்டேன். அக்காவின் சித்தப்பா ஒருவருக்கு இரண்டு குடும்பம் என்ற விஷயம் அன்றைக்குத்தான் முருகேசன் அண்ணனுக்குத் தெரிந்தது. இருபது வருஷமாக அக்கா பொத்திவைத்ததை நான் பத்தே நிமிஷத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டிவிட்டேன்.

இவ்வளவு செய்தவள் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லையா என்றால், கேட்டேன். தினமும் கேட்டேன். கட்டில் ஓரத்தில் நின்று, ஒரு கால் அடுத்த கட்டிலை நோக்கித் திரும்பியிருக்க, "வேற மருந்து மாத்திரை எதுவும் சாப்பிடலையேக்கா?" என்பேன். பதிலையும் சேர்த்தே கேட்டால் அவர் என்ன சொல்வார்? "இல்லையே," என்பார். கன்னம் லேசாக உப்பியிருக்கும். கிராம்பு போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை காலை கட்டிலைச் சுற்றி மொத்த டிபார்ட்மெண்டும் நின்றது. எங்கள் பேராசிரியர் கன்னடக்காரர், மெதுவாகத்தான் பேசுவார். நான் பரம்பரை வியாதி பற்றி மூச்சுவிடாமல் பொழிந்து தள்ளினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏனம்மா, ஊட்டா ஆய்த்தா? சாப்பிட்டாச்சா?"

"ஆய்த்து சார்," என்றார் அக்கா.

"காலையிலே எழுந்து என்ன என்ன பண்ணுவீங்க? ஒண்ணு ஒண்ணா சொல்லுங்கம்மா. அவசரம் இல்லை."

எனக்குக் கால் பரபரத்தது. கட்டிக்காக நான் சொல்லிவைத்த சர்ஜன் அடுத்த நாள் வரப்போகிறார், இவர் காபி குடித்த கதை கேட்டுக்கொண்டிருக்கிறாரே!

"அஞ்சு மணிக்கு எழுந்திரிப்பேன் சார். பல் தேய்ப்பேன். காபி. அப்புறம் ஒரு குச்சி. ஆறு மணிக்கு மொத பேட்ச்…"

"என்ன குச்சி?"

"தொண்டைக்கு சார்." அக்கா தலையணைக்குப் பக்கத்தில் இருந்த ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தார். காம்பஸ், பாகைமானி, நாலு சாக்பீஸ், அவற்றோடு ஒரு கைப்பிடி அதிமதுரக் குச்சி. அந்தப் பெட்டியை நான் ஐந்து நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கு டீச்சர் ஜாமெட்ரி பாக்ஸில் வேறென்ன இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

"நாளைக்கு எத்தனை?"

"ஆறு சார். பேட்ச்சுக்கு ஒண்ணு. நாலு மாசமா தவறினதில்ல. இங்கயும் விடல."

அதிமதுரம் அளவு மீறினால் அந்தச் சுரப்பி செய்யும் வேலையை அதுவே செய்ய ஆரம்பித்துவிடும். பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும், நிஜ ஹார்மோனைத் தரைக்குத் தள்ளும். புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் நடந்துகொண்டே படித்திருப்பேன் போல.

"மருந்து சாப்பிடறீங்களான்னு இவங்க கேட்டாங்களே?"

"ஊதுபத்தி விக்கிற கடைல வாங்கினது மருந்தா சார்?"

"யாரு சொல்லி சாப்பிட்டீங்க?"

நான் அக்காவையே பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. மிகக் கவனமாகப் பார்க்காமலிருந்தார்.

"எங்க தெருவுல ஒரு பொண்ணு சார். நல்லது நெனைச்சிதான் சொல்லுச்சு. கொஞ்சம் அரைகுறை."

எல்லோரும் சிரித்தார்கள். "இந்த மாதிரி ஆளுங்களைப் புடிச்சு உள்ள போடணும்," என்றான் என் ஜூனியர். நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையாட்டினேன். கேஸ் ஷீட்டில் 'அக்கம்பக்கத்தார் ஆலோசனைப்படி' என்று எழுதவும் ஆரம்பித்தேன்.

அங்கேயே தப்பித்திருப்பேன். பேராசிரியர் விடவில்லை. "அந்தப் பொண்ணு இன்னும் எத்தனை பேருக்கு சொல்லியிருக்கோ? முதல்லேயே பிரஷர் இருக்கிறவங்க யாராவது இருந்தா ரொம்ப ஆபத்து," என்றார்.

ரங்கப்பா! ஆஸ்பத்திரி கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி. போன வாரம்தான், பஸ்ஸுக்கு ஓடும்போது, அதே வைத்தியம். அவருக்கு பிரஷர் மாத்திரை எழுதிக்கொடுத்ததே நான்தான்.

எழுதியதை அடித்தேன். "சார்," என்றேன். "அந்த அரைகுறை நான்தான்."

"நான்தான் சொல்லலியே, நீ ஏன் ஒளர்றே?" என்று அக்கா பல்லைக் கடித்தார்.

பேராசிரியர் எழுந்தார். ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார்.

"உட்காரு."

"பரவாயில்ல சார்."

"உட்காரு. உட்கார்ந்து சொல்லு."

உட்கார்ந்தேன். அத்தனை பேர் நடுவில் என்னிடமே கதை கேட்டார். என்றைக்குச் சொன்னே? நாளைக்கு எத்தனை துண்டு சொன்னே? எத்தனை நாள்? பிரஷர் பார்த்தியா? ஏன் பார்க்கலை? எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது: "பஸ் வந்துடுச்சு சார்." அவர் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ரங்கப்பாவைப் பற்றிச் சொன்னதும், "இப்போ ஓடு," என்றார். அன்றைக்கு என் காலால் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான். கேட்டில் ரங்கப்பா சல்யூட் அடித்து, "மேடம், தொண்டை சூப்பர்!" என்றார். நான் அவர் கன்னத்தை அமுக்கி, வாயிலிருந்ததைப் பிடுங்கி எறிந்தேன். விசிட்டர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நல்லவேளை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

குச்சியை நிறுத்தியதும் அக்காவின் பொட்டாசியம் சொன்ன பேச்சு கேட்டது. பிரஷர் சில வாரங்களில் இறங்கியது. அந்தப் பட்டாணிக் கட்டி பலருக்கும் இருக்கிற மாதிரி சும்மா இருக்கிற கட்டிதான், ஆபரேஷனே தேவைப்படவில்லை. இன்றைக்கும் சும்மாதான் இருக்கிறது. அதற்கு உட்கார வருகிறது.

அன்று மத்தியானம் எல்லோரும் போனபிறகு அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

"எதுக்குக்கா பொய் சொன்னீங்க?"

"டாக்டருன்னு நாலு பேரு மதிக்கிற எடம். உன் மானம் போவக்கூடாதுல்ல."

"நாலு மாசம் குச்சி தின்னதுல உங்க உயிரே போயிருக்கும்கா."

"நிறுத்துன்னு நீ சொல்லவே இல்லியே. டாக்டரு சொன்னா கோர்ஸ் முழுசா முடிக்கணும், நடுவுல நிறுத்தக்கூடாதுன்னு நீதானே தெருவுல ரங்கோலி போடறவங்க கிட்டகூட சொல்லுவே?" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அழாத. மூக்கைத் தொடைச்சிக்கோ. டிரிக்னாமெட்ரி ஞாபகம் இருக்குதா?"

வீடு திரும்பியதும் அவர் தொண்டைக்கு ஓய்வு. சாயங்காலம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து கிசுகிசுப்பார், நான் நின்று அதைக் கத்துவேன். பிள்ளைகள் அத்தனை பேரும் பாஸ். அக்கா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கி மாடிப்படித் திருப்பத்தில் போட்டார். தலைவலி என்றால்கூட நான் அதில் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறப்பார். என் கல்யாணத்துக்கு அதே ஸ்டூலுக்கு ரிப்பன் கட்டி, மேடையேறி வந்து கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் திகைத்துப்போனார்கள். முருகேசன் அண்ணன் மைக் வாங்கிக் கதை முழுவதும் சொன்னார். சித்தப்பா கதையைத் தவிர.

இப்போது மல்லேஸ்வரத்தில் இருக்கிறோம். அந்த ஸ்டூல் என் கிளினிக்கில் இருக்கிறது, அதில் உட்கார்ந்துதான் நோயாளியிடம் பேசுகிறேன். வீட்டில் நான் எதைச் சொல்ல வாயெடுத்தாலும், சாம்பாருக்கு உப்பு போதாது என்றால்கூட, என் கணவர் நாற்காலியைக் காட்டி, "உட்கார்ந்து சொல்லு," என்கிறார்.

போன வாரம் மெட்ரோவுக்கு ஓடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கஸ்தூரி அக்கா. அதே கரகரப்பு.

"டாக்டரே, மறுபடி தொண்டை கட்டிக்கிச்சு. நீ நின்னுகினு இருக்கியா, உக்காந்துகினு இருக்கியா?"

"உக்காந்துதான் இருக்கேன்கா."

"பொய் சொல்லாத, மூச்சு வாங்குது. உக்காந்துட்டுக் கூப்பிடு," என்று வைத்துவிட்டார்.

ரயில் வந்தது. ஸ்டேஷன் படிக்கட்டில் உட்கார்ந்து, அக்காவைக் கூப்பிட்டேன்.