ராஜாங்கம் கழுவிய தொட்டி

குடிதண்ணீருக்காகப் போராடியே தீருவது என்று ராஜாங்கம் முடிவெடுத்த இடம் கக்கூஸ்.

அன்றைக்குக் காலையிலிருந்து அவர் அதிகமாக இருந்த இடமும் அதுதான். வயிறு கெட்டால் மனுஷனுக்குக் கோபம் வரும். ராஜாங்கத்துக்குக் கொள்கையே வந்துவிட்டது.

சுரங்கத்தில் ஃபோர்மேன். பர்மனென்ட். பாதுகாப்பு வாரம் வந்தால் மைக்கைப் பிடித்துக்கொண்டு 'அலட்சியமே ஆபத்து' என்று அலறுகிறவர். அப்பேர்ப்பட்டவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"கஸ்தூரி! தண்ணில வெஷம்டி!"

அவர் மனைவி கஸ்தூரியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"யாரு கலந்தது?"

"தனகோட்டி. நம்ம பிளாக்குக்கு வால்வு தெறக்கறானே, அவன்தான். குளோரின் போடறதில்ல. தூங்கறான்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கணுமா? என் வயிறு சொல்லுது."

"வேற யாரு வயிறாவது சொல்லுதாங்க? என் வயிறு கம்முனு கெடக்குது. எதிர்வூட்டு செங்கமலம் நேத்து கல்யாணத்துல ரெண்டு பந்தி உக்காந்து எழுந்து வந்துது, அதுக்கும் ஒண்ணும் ஆவல. மொதல்ல மேல போயி நம்ம டேங்க்கப் பாருங்க."

ராஜாங்கத்துக்கு மனசு புண்பட்டது.

"மாசா மாசம் நான் ஏறிக் கழுவற டேங்க்கையா?"

"அதுதாங்க சொல்றேன்."

அந்தக் கழுவலைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துண்டைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு, வாளியும் பிரஷ்ஷுமாகக் குவார்ட்டர்ஸ் மொட்டைமாடிக்கு ஏணி போட்டு ஏறுவார். போர்க்களம் போகிற நடை. ஏறியதும் டேங்க் நிழலில் சாய்ந்துகொண்டு செல்போனில் பழைய கிரிக்கெட் மேட்ச் பார்ப்பார். நடுநடுவே டேங்க்கின் வெளிப்பக்கத்தை பிரஷ்ஷால் டர் டர் என்று தேய்ப்பார். கீழே கேட்க வேண்டுமல்லவா? மேட்ச் முடிந்ததும் தலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொள்வார். ஊர்த் தொட்டிகளில் எழுதியிருப்பதுபோல 'சுத்தம் செய்த நாள்' என்று சாக்பீஸால் தேதி போடுவார். சொட்டச் சொட்ட இறங்குவார்.

கீழே துண்டும் சுக்குக் காப்பியும் சூடான வடையும் காத்திருக்கும்.

"உள்ள எதுனா கெடந்துதாங்க?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள் கஸ்தூரியம்மாள்.

"ஒண்ணுமில்ல. கண்ணாடி மாதிரி கெடக்கு."

"பாவம், ஒடம்பு வலிக்கும். இன்னொரு வடை வெச்சிக்குங்க."

நிஜமாகவே கழுவியிருந்தால்கூட அத்தனை வடை இறங்கியிருக்காது.

போகட்டும். ராஜாங்கம் புகார் எழுதினார். தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கினார். தனகோட்டி காண்ட்ராக்ட் ஆள். புகார் உண்மை என்று ஆகிவிட்டால் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.

"அவன் பொழப்புங்க அது. பொண்ணு இப்பத்தான் காலேஜ் சேந்திருக்குது. அவசரப்படாதீங்க."

"பொதுநலம்னு வந்துட்டா பொண்டாட்டி பேச்சே கேக்க மாட்டேன். தனகோட்டி எம்மாத்திரம்?"

கஸ்தூரியம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் முறத்தைப் பார்த்தாள்.

தண்ணீர்ப் பிரிவிலிருந்து எஞ்சினியர் வந்தாள். சண்முகப்பிரியா என்று பேர். ராஜாங்கத்தின் மகள் வயசுதான் இருக்கும். கையில் சோதனைக் குழாய்ப் பெட்டி. பின்னாலேயே தனகோட்டி. நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். வேலை போகிற அன்றைக்கு எந்தச் சட்டை போடுவது என்று யோசித்திருப்பான் போல. தெருவே கூடிவிட்டது.

"இந்த மருந்து விட்டா தண்ணி மஞ்சளாகணும் சார். ஆச்சுன்னா குளோரின் இருக்குன்னு அர்த்தம். ஆகலேன்னா இல்ல."

ராஜாங்கம் வீட்டு வாசல் குழாயில், நேரே லைனில் வருகிற தண்ணீரைப் பிடித்தாள். மஞ்சள். செங்கமலம் வீட்டில் பிடித்தாள். மஞ்சள்.

"எங்க சமையக்கட்டு கொழாயில புடிங்கம்மா, தெரியும்!" என்றார் ராஜாங்கம்.

பிடித்தாள். மருந்து விட்டாள். குலுக்கினாள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று குதித்தார் ராஜாங்கம். அந்தக் குழாய்க்குத் தண்ணீர் மேலே இருக்கிற டேங்க்கிலிருந்து வருகிறது என்பது குதித்து முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"டேங்க் கழுவி எவ்ளோ நாளாச்சு சார்?"

"போன ஞாயித்துக்கெழமதான். தேதியே போட்டிருக்கேன்."

"மேல ஏறிப் பாத்துடலாமா?"

"வேணாம்மா. ஏணி சரியில்ல. படி ஆடும். பாதுகாப்பு முக்கியம்."

"ஏணி நல்லாத்தாங்க இருக்குது" என்று கஸ்தூரியம்மாள் அதைத் தூக்கிக்கொண்டே வந்தாள்.

தனகோட்டி ஏறினான். மூடியைத் திறந்தான். மூக்கைப் பொத்தினான். அப்புறம் நல்ல சட்டையின் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு உள்ளே துழாவினான். வழவழவென்று சேறு அப்பிய உருண்டை ஒன்றை எடுத்தான். கீழே கொண்டுவந்து வாசல் குழாயில் கழுவினான். எவர்சில்வர் சொம்பு. கழுத்தில் 'கஸ்தூரி' என்று பேர் வெட்டியிருந்தது.

"இது எப்படிம்மா உள்ள போச்சு?" என்றாள் எஞ்சினியர்.

"நான்தான் ஏறிப் போட்டேன். போன ஆடி மாசம். கழுவறவரு எடுத்தாந்து குடுப்பாருன்னுதான். இப்ப வைகாசி வந்துட்டுது."

தெரு சிரித்தது. செங்கமலம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அதையும் மீறிக்கொண்டு சிரிப்பு வந்தது. ராஜாங்கம் தரையைப் பார்த்தார். ஃபோர்மேனாக இத்தனை வருஷம் எத்தனையோ குழி வெட்டச் சொல்லியிருக்கிறார். தேவைப்பட்ட நேரத்தில் ஒரு குழி இல்லை.

"உங்களுக்கு மட்டும் ஏம்மா ஒண்ணும் ஆகல?" என்று கேட்டாள் எஞ்சினியர்.

"நான் வாசக் கொழாத் தண்ணி குடிக்கிறேன். அவருக்கு டேங்க் தண்ணிய காச்சித்தாங்க குடுத்துக்கினு இருந்தேன். 'நான் கழுவன தண்ணிய காச்சறியா? எனக்கு அவமானம்'னு போன வாரம்தான் நிறுத்தச் சொன்னாரு."

எஞ்சினியர் சிரிக்கவில்லை. படித்த பிள்ளை.

"சார், இந்தப் புகாரை என்ன செய்யட்டும்?"

ராஜாங்கம் அதை வாங்கிக் கிழித்தார். தனகோட்டி சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். கிழித்த காகிதத்தை இன்னும் சின்னதாகக் கிழித்துக்கொண்டிருந்தார். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகு தண்ணீர் விடுகிற நேரத்தில் ராஜாங்கம் வாசலுக்கு வருவதில்லை. வால்வு திறக்கிற சத்தம் கேட்டால் குளிக்கப் போய்விடுவார். ஒரே நாளில் இரண்டு தடவை குளித்தார். கஸ்தூரியம்மாள் பார்த்தாள்.

"தோலு உரிஞ்சிடும். போயி பேசிட்டு வாங்க."

போனார். வால்வுக் குழியில் குனிந்திருந்தவனின் முதுகைப் பார்த்துச் சொன்னார்.

"தப்பு என்னுதுப்பா."

தனகோட்டி நிமிர்ந்தான். "சரிங்க சார்" என்றான். மறுபடி குனிந்துகொண்டான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது ராஜாங்கத்துக்கு.

அடுத்த ஞாயிறு வந்தது. துண்டைக் கட்டினார். இந்தத் தடவை செல்போனைத் தொடவில்லை. ஏணியில் கால் வைக்கும்போது கஸ்தூரியம்மாள் வந்து நின்றாள்.

"இன்னிக்கும் ஒண்ணு போட்டிருக்கேன். கண்டுபுடிச்சிக் கொண்டாங்க. இல்லேன்னா செங்கமலத்தக் கூப்புட்டு சொல்லுவேன்."

ராஜாங்கம் ஏறினார். டேங்க்கைக் காலி செய்தார். உள்ளே இறங்கினார். சேற்றைக் கையால் அள்ளி அள்ளி, விரலால் அலசி அலசிப் பார்த்தார். மோதிரமா? மூக்குத்தியா? கிடைக்கவில்லை. அடியைத் தேய்த்தார். சுவரைத் தேய்த்தார். மூலை முடுக்கெல்லாம் பிளீச்சிங் போட்டுத் தேய்த்தார். முதுகு ஒடிந்தது. கண் எரிந்தது. டேங்க் கடையில் வாங்கிய அன்றைக்குக்கூட அப்படிப் பளபளத்ததில்லை. ஒரு குண்டூசிகூட இல்லை.

அழாக்குறையாகத் தலையை வெளியே நீட்டினார்.

"கஸ்தூரி! சத்தியமா ஒண்ணுமே இல்லடி! நல்லா தேடிட்டேன்!"

கீழே துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் அண்ணாந்து பார்த்தாள்.

"நான் ஒண்ணும் போடலீங்க. தேதி போட்டுட்டு எறங்குங்க."