பாரிஸிலிருந்து அரியாங்குப்பம்

டவுன் பஸ் படியில் ஒரு காலை வைத்துவிட்டான் வெற்றிவேல். செல்போன் மறுபடியும் அடித்தது. மனைவி துர்கா.

"எங்க இருக்கீங்க?"

"மேட்டுப்பாளையத்துல பஸ் ஏறிட்டேன். மாமாவுக்கு நெஞ்சு வலின்னியே, ஒரு மணி நேரத்துல அரியாங்குப்பம் வந்துடுறேன்."

"மொதல்ல எறங்குங்க. பாரிஸ்லேர்ந்து ஒரு மணி நேரத்துல எப்படி வருவீங்க?"

இறங்கிவிட்டான்.

ஊரறியப் பாரிஸ் கிளம்பிய மாப்பிள்ளை அவன். ஏஜெண்டு மெட்ராஸோடு கைகழுவிவிட, திரும்பி வந்து, டவுனை ஒட்டிய இந்த மேட்டுப்பாளையத்தில் சோப்புக் கம்பெனியில் பெட்டி தூக்குகிறான். துர்காவுக்கு மட்டும் தெரியும். மாமனார் கன்னியப்பன் அந்தக் காலத்தில் நாலு வருஷம் பாரிஸில் ஓட்டல் வேலை பார்த்தவர். பாரிஸ் போகிறவனுக்குத்தான் பெண் என்று ஒற்றைக்காலில் நின்றவர். குட்டு உடைந்தால் துர்காவைத் தன் வீட்டோடு நிறுத்திக்கொள்வார்.

டவுனுக்கு வந்து, விமான டிக்கெட் போடும் ஆபீஸில் கேட்டான்.

"பாரிஸா? எட்டாயிரம் கிலோமீட்டர். நேரா பறந்தா பத்து மணி நேரம். துபாய்ல மாறுனா பதினஞ்சுக்கு மேல. மெட்ராஸ்லேர்ந்து இங்க வர மூணு. எப்ப போறீங்க?"

"போகலைங்க. வரணும்."

அந்த ஆள் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

நாளைக் காலைதான் போக முடியும். பாரிஸில் குளிராமே என்று பழைய துணிக் கடையில் ஒரு ஸ்வெட்டர் வாங்கிப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தான். மே மாத வெயில். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து தள்ளிப் போனார்கள்.

மறுபடியும் துர்கா. "மாப்ள வந்தாச்சா, மாப்ள வந்தாச்சான்னு அதே பேச்சு. பயமா இருக்குங்க."

"நான் இன்னும் துபாய்க்கே வரலியேடி."

"துபாய வுடுங்க."

துபாயை விட்டான். அடுத்த போனில் அவள் அழுதாள். "கண்ணே தொறக்க மாட்டேங்கிறாரு."

விமானம் கடலுக்கு மேலே இருக்க வேண்டிய நேரத்தில், வெற்றிவேல் அரியாங்குப்பம் வீட்டு வாசலில் வேர்த்து ஊற்ற நின்றான்.

குரல் கேட்டுக் கன்னியப்பன் கண்ணைத் திறந்தார். மெதுவாக எழுந்து சுவரில் சாய்ந்தார்.

"காலையிலதான போன் பண்ணோம். அதுக்குள்ள எப்படி வந்த?"

"காத்து பின்னாலேர்ந்து தள்ளிச்சு மாமா. அதோட, வர்றப்ப எறக்கந்தான."

துர்கா தலையைக் குனிந்துகொண்டாள். கிழவர் அவனையே பார்த்தார்.

"ஆமாமா. பம்பாய் தாண்டுனா ஒரே எறக்கம்."

தெரிந்துகொண்டே கொக்கி போடுகிறாரா?

"பனி எப்படி?"

"முழங்கால் வரைக்கும் மாமா."

"மே மாசத்துல அப்படித்தான். எங்க தங்கியிருக்க?"

"மார்க்கெட்டுக்குப் பின்னால. பெரிய தெருவுல."

"அட, எங்க ஓட்டலுக்கு அடுத்த தெரு."

இலையைப் போட்டு, சோற்றைப் பரிமாற வந்த மாமியார் அஞ்சலாட்சி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்த ஸ்வெட்டர கழட்டிட்டுச் சாப்பிடுங்க மாப்ள. இவரு பாரிஸ்லேர்ந்து வந்தப்பவும் இப்படித்தான், சித்திரை வெயில்ல கோட்டு மாட்டிக்கிட்டு, கையில திண்டிவனம் ஓட்டல் பையோட பஸ்ஸுலேர்ந்து எறங்குனாரு."