பனிவிளக்குக்குப் பக்கத்துச் சுவிட்ச்

என் காரை என்னைத் தவிர வேறு யாரும் ஓட்டக்கூடாது என்று சபதம் எடுத்தேன். வேறு யாரும் என்றால் வேறு யார்? வீட்டில் நானும் என் மனைவியும்தான்.

கார் எனக்கும் மூத்தது. ஆறு வோல்ட் பேட்டரி. முகப்பு விளக்கைப் போட்டால், அது எரிகிறதா என்று பார்க்க இன்னொரு விளக்கு வேண்டும். ஆனால் அந்தக் காலத்தில் கூடுதலாக வாங்கிப் பொருத்தக்கூடிய சாமான் எத்தனை உண்டோ அத்தனையும் அதில் உண்டு. ரேடியோ, கடிகாரம், ஹீட்டர், பனிவிளக்கு, திரும்பும்போது கதவோரத்திலிருந்து கை மாதிரி எழும்பும் சிக்னல். எல்லாம் நானே தேடிப் பிடித்துப் பொருத்தியவை.

அவள் கணக்கு டீச்சர். இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கூடம் போகிறாள். போன மாதம் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"வாரம் பூரா வண்டி போர்வை போத்திக்கிட்டுத் தூங்குது. நான் எடுத்துட்டுப் போறேனே?"

"தாராளமா எடுத்துக்கோ. ஸ்டார்ட் ஆனா."

ஆகவில்லை. எப்படி ஆகும்? பனிவிளக்குச் சுவிட்சுக்குப் பக்கத்தில் இன்னொரு சுவிட்ச் வைத்து, இக்னிஷன் ஒயரை அதன் வழியாகக் கொண்டுபோயிருந்தேன். அதைக் கீழே தள்ளினால்தான் வண்டிக்கு உயிர் வரும். அவள் சாவியைத் திருகித் திருகிக் களைத்தாள். நான் போய் உட்கார்ந்தேன். உடனே கிளம்பியது.

"பழைய வண்டிம்மா. கை பழகணும்."

அவள் பஸ்ஸுக்கு ஓடினாள். பார்க்க மனசு உறுத்தியது. அன்றைக்கே உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். சபதம் தடுத்தது.

சனிக்கிழமை காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். காப்பியோடு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

"இத்தனை வருஷமாச்சு, இதுல என்னென்ன இருக்குன்னு ஒருநாளாவது எனக்குச் சொல்லித் தந்திருக்கீங்களா?"

உருகிப்போனேன். கல்யாணமானதிலிருந்து இப்படி ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

"இது?"

"கடிகாரம். எப்பவும் பின்தங்கித்தான் ஓடும். ஏன்னா..." கால் மணி நேரம் விளக்கினேன்.

"இது?"

"சாம்பல் தட்டுக்கு விளக்கு!"

"நீங்கதான் சிகரெட்டே பிடிக்க மாட்டீங்களே?"

"அதனால என்ன? எரியுது பாரு, எவ்வளவு அழகா!" அதற்கு அரை மணி நேரம்.

"இது பனிவிளக்கு. சரி. அதுக்குப் பக்கத்துல?"

"அது... சும்மா."

"ஓஹோ" என்றாள். தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை நான் எழுந்து வந்தபோது போர்வை அழகாக மடித்து வைத்திருந்தது. கார் இல்லை.

சாயங்காலம் தெருமுனையில் சிக்னல் கை எழும்பியது. கார் வழுக்கிக்கொண்டு திரும்பியது. நான்கூட அப்படித் திருப்பியதில்லை.

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"சாம்பல் தட்டு விளக்குக்கு அரை மணி நேரம் பேசினவர், ஒரே ஒரு சுவிட்சை மட்டும் சும்மாங்கறார். இதுக்கு மேல என்ன வேணும்?"

பேசிக் கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பேசாமல் கெட்டவன் நான் ஒருவன்தான். ஏதாவது ஒரு கதையை அளந்துவிட்டிருக்கக் கூடாதா? நினைத்து நினைத்துத் தூக்கம் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஆசையாகப் போய் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தேன். சுவிட்சைக் கீழே தள்ளிச் சாவியைத் திருகினேன். மூச்சில்லை. மேலே தள்ளினேன், மறுபடி கீழே தள்ளினேன், கடிகாரத்தைக்கூடத் தட்டிப் பார்த்தேன்.

ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது.

"அந்தச் சுவிட்ச் பார்த்தவுடனே தெரியற இடத்துல இருந்துச்சுங்க. திருட்டு பயம் வேற. எலக்ட்ரீஷியன்கிட்ட சொல்லி இடம் மாத்திட்டேன்."

"எங்கே?"

"அதைச் சொல்லிட்டா அப்புறம் என்னங்க ரகசியம்? நீங்க எங்கயாவது போகணும்னா முந்தின நாளே சொல்லிடுங்க. ஸ்கூலுக்குப் போற வழியில இறக்கிவிட்டுடறேன்."