பெண் பார்க்கப் போன வீட்டில் ஒரு பிரபஞ்சம்

பெண் பார்க்கப் போன வீட்டில், "ரெண்டரை மணி நேரத்துக்கு யாரும் ஃபிரிட்ஜைத் திறக்காதீங்க" என்று உத்தரவு போட்ட மாப்பிள்ளை அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆதிப் பிரபஞ்சத்தின் நிலைமாற்றங்களைப் பற்றி அப்போதுதான் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியிருந்தேன். அது என்னவென்று விருதுநகரில் என் அம்மாவுக்கே தெரியாது. ("ராக்கெட் வேலை" என்று தெருவில் சொல்லி வைத்திருந்தார்.) பெண்ணின் அப்பா சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி நடத்துபவர், எதையும் துருவித் துருவிக் கேட்பார் என்று தரகர் எச்சரித்திருந்தார். விடுவேனா? செய்தே காட்டிவிடுவது என்று கிளம்பினேன். சுத்தமான தண்ணீரை அசையாமல் குளிரவைத்தால், உறைய வேண்டிய குளிரிலும் உறையாமல் நிற்கும். ஒரு தட்டு தட்டினால் சட்டென்று ஐஸாகிவிடும்.

போனதும், கையோடு கொண்டுபோன தண்ணீர் பாட்டிலை அவர்கள் வீட்டு ஃப்ரீசரில் வைத்தேன். அது மே மாதம். தயிர் ஃபிரிட்ஜுக்குள் மாட்டிக்கொண்டதால் மதியச் சாப்பாடு ரசத்தோடு முடிந்தது. கூட வந்திருந்த அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

நேரம் ஆனதும் பாட்டிலைப் பச்சைக் குழந்தையைப் போல் கூடத்துக்கு ஏந்தி வந்தேன்.

"பிரபஞ்சமும் இப்படித்தான் மாமா, குளிர்ந்துகிட்டே வந்துச்சு." (சம்பந்தம் முடிவாகும் முன்பே மாமா.) "மாற வேண்டிய நேரத்துலயும் பழைய நிலையிலேயே நின்னுச்சு. அப்புறம் அங்கங்க புது நிலை குமிழ் குமிழாத் தோணி, விரிஞ்சு, ஒண்ணோட ஒண்ணு மோதி..."

"வெடிச்சிருச்சாக்கும்?" அந்த வீட்டில் அது சாதாரண வார்த்தை இல்லை.

"இல்ல மாமா, மொத்தமா மாறிருச்சு. அப்படி நடந்திருக்கலாம்னு கணக்குப் போடுறோம்."

"நடந்துச்சா இல்லியான்னே தெரியாதா?"

"அதைத் தேடுறதுதான் வேலை."

"அதுக்குச் சம்பளமும் குடுக்காகளா?"

பதிலுக்குப் பாட்டிலைத் தட்டினேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. மறுபடி தட்டினேன். ம்ஹூம்.

"மூடியைத் தொறந்து பாருங்க" என்றாள் பெண், கவிதா.

திறந்தேன். வியர்த்த கையிலிருந்து பாட்டில் நழுவி மாமாவின் மடியில் கவிழ்ந்தது. வெள்ளை வேட்டியில் விழ விழத் தண்ணீர் ஐஸ் கூழாகிக் குவிந்தது.

"பாத்தீங்களா மாமா, இதுதான் நிலைமாற்றம்" என்றேன் பரவசத்தோடு. (மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அப்புறம்தான் தோன்றியது.)

மாமா வேட்டியை உதறியபடி உள்ளே ஓடினார். அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். நான் வாசலைப் பார்த்தேன். கவிதா மட்டும் குனிந்து, தரையில் கிடந்த ஐஸை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னொரு பாட்டில் இருக்கா?"

கல்யாணமாகி எட்டு வருடம் ஆகிறது. விசேஷ வீடுகளில் மாமனார்தான் என்னை அறிமுகப்படுத்துவார். "பிரபஞ்சம் எப்படி ஆரம்பிச்சுச்சுன்னு எங்க மாப்பிள்ளைக்குத் தெரியும்" என்று நிறுத்துவார். எல்லோரும் என்னை மரியாதையோடு பார்ப்பார்கள். பிறகு மடியில் வேட்டியை நீவிவிட்டபடி அவரே முடிப்பார்:

"எங்கன ஆரம்பிச்சுச்சுன்னு எனக்குத்தான் தெரியும்."