முத்தமிழ்செல்வன் ஜெயித்த பட்டிமன்றம்

வேப்பந்தட்டையில் உரக்கடை வைத்திருக்கும் முத்தமிழ்செல்வன் அன்று காலை பல் விளக்கி முடித்ததும் ஒரு சபதம் எடுத்தார்.

"இந்தத் தடவை மாரியம்மன் கோயில் பட்டிமன்றத்துல ஜெயிச்சு, அடுத்த வருசம் நடுவர் நாற்காலியில உக்காரலன்னா எம் பேரு முத்தமிழ்செல்வனே இல்ல!"

சபதத்தைக் கேட்க அடுப்படியில் அவர் மனைவி பூவிழி மட்டும்தான் இருந்தாள்.

"பேரை மாத்துனா ஆதாரையும் மாத்தணுங்க. பெரம்பலூர் போயி வரிசையில நிக்கணும்" என்றாள், தோசையைத் திருப்பிக்கொண்டே.

முத்தமிழ்செல்வனின் வாய் சாதாரண வாய் அல்ல. மக்காச்சோளத்துக்கு ஒரு மூட்டை யூரியா வாங்க வந்தவன், மருந்தடிக்கும் ஸ்பிரேயரோடும், விவசாயத்தைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது என்ற ஞானத்தோடும் வீடு திரும்புவான். மழை வராது என்று அவர் வாதாடினால் மேகமே கொஞ்சம் யோசிக்கும்.

அந்த வாய்க்கு ஒரே ஒரு குறை. வார்த்தை வராத நேரமெல்லாம் அதிலிருந்து புகை வரும். போன மாசியில் இருமல் நிற்காமல் பெரம்பலூருக்குப் போனபோது டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "சிகரெட்டை விடுங்க. இல்லன்னா இந்த நுரையீரல் ரொம்ப நாள் தாங்காது" என்றார். சொன்னது முத்தமிழ்செல்வனிடம். காதில் விழுந்தது பூவிழிக்கு. அன்றிலிருந்து அவர் இருமும்போதெல்லாம் அவள் கைவேலையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

அவளும் கேட்டுப் பார்த்தாள். ஆனால் நாக்கிலேயே குடித்தனம் நடத்துகிற மனுசனிடம் யார் பேசி ஜெயிப்பது?

"டாக்டர் சொன்னதைக் கேட்டீங்கல்ல?"

"டாக்டர் என்ன கடவுளா? எங்க பெரியப்பா எண்பத்தஞ்சு வயசு வரைக்கும் ஊதுனாரு."

"கடைசியில கஞ்சிகூட எறங்காம மூச்சு தெணறித்தானே போனாரு?"

"அது கஞ்சியோட தப்பு."

"கெட்டதுன்னு பெட்டியிலயே போட்டிருக்கானே!"

"கெட்டதுன்னா அரசாங்கம் வரி வாங்குமா? சட்டம் தடுக்காததை நீ எப்புடித் தடுப்பே? நீ என்ன சட்டத்துக்கு மாமியாளா?"

இப்படியாக வீட்டில் நடந்த அத்தனை பட்டிமன்றத்திலும் முத்தமிழ்செல்வனே ஜெயித்தார். நடுவரும் அவரே என்பதால் தீர்ப்பில் குழப்பம் வந்ததில்லை.

அன்று மத்தியானம் கோயில் கமிட்டித் தலைவர் வீரமணி கடைக்கு வந்தார். முகத்தில் களையே இல்லை.

"தலைப்பு முடிவாயிட்டுது சார். மகளிர் குழுவுலேர்ந்து எழுதிக் குடுத்தாங்க. 'கஞ்சாவைச் சட்டப்படி அனுமதிக்கலாமா, கூடாதா?' டி.வி.யில தெனமும் அதானே ஓடுது. கூட்டம் அள்ளும்."

"கூடாதுங்கற அணிக்கு நான்தானே தலைவர்?"

"நீங்கதான். அனுமதிக்கலாம்னு பேசத்தான் தலைவர் இல்ல. அரியலூர் சண்முகப்பிரியா டீச்சரைக் கேட்டேன். முன்வரிசையில இன்ஸ்பெக்டர் உக்காந்திருப்பாரு, அவரு முன்னாடி கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்க நான் என்ன பைத்தியமாங்கறாங்க. ஆள் கெடைக்கலன்னா பட்டிமன்றத்தை விட்டுட்டு ஆர்க்கெஸ்ட்ரா வச்சுருவோம்."

ஆர்க்கெஸ்ட்ரா என்றதும் நடுவர் நாற்காலி நாலு காலோடும் எழுந்து நடந்து போவது முத்தமிழ்செல்வன் கண்ணில் தெரிந்தது. கடைக்குப் பின்னால் போய் ஒன்றைப் பற்ற வைத்தார். பாதி கரைவதற்குள் யோசனை வந்துவிட்டது. எதிரணிக்கு ஆள்தானே வேண்டும்? வாயே திறக்கத் தெரியாத ஓர் ஆளை அங்கே உட்கார வைத்தால் பட்டிமன்றமும் நடக்கும், வெற்றியும் பைக்குள் வரும். அப்படி ஓர் ஆள் வீட்டிலேயே இருக்கும்போது வெளியே எதற்குத் தேட வேண்டும்?

"நானா?" என்று பூவிழி கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் மேடை ஏறுனதே நம்ம கல்யாணத்துக்குத்தாங்க. அன்னிக்கும் நீங்கதான் பேசுனீங்க."

"மகளிர் குழுத் தலைவிதானே நீ? கூட்டத்துல பேசுவேல்ல?"

"அங்க சேமிப்பு கட்டுங்கன்னு சொல்லுவேன். கஞ்சா அடிங்கன்னு எப்புடிங்க சொல்றது?"

"நான் சொல்லித் தரேன்டி. கஞ்சா அடிச்சா கவலை மறந்துடும்னு சொல்லு. பசி நல்லா எடுக்கும்னு சொல்லு. வரப்புல வச்சா வேலிக்கு ஆவும்னு சொல்லு."

"சனம் சிரிக்குமேங்க?"

"சிரிச்சா கைதட்டும். உனக்குத்தான் நல்லது."

பூவிழி தலையை ஆட்டினாள். அன்றிலிருந்து அவர் சாப்பிடும்போதெல்லாம் "கவலை மறந்துடும், பசி எடுக்கும், வேலிக்கு ஆவும்" என்று பாடம் ஒப்பித்தாள். ஒவ்வொரு தடவையும் ஒன்றை மறந்தாள். முத்தமிழ்செல்வனுக்கு மனசு குளிர்ந்தது. பாவம், இவளைப் போய் மேடையில் நசுக்கப் போகிறோமே என்று கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

பட்டிமன்றத்தன்று சாயங்காலம் அவருடைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்து நீட்டினாள்.

"மெல்லிசா இருக்கேடி?"

"மேடையில லைட்டு சூடு தாங்காதுங்க. இதான் உங்களுக்கு எடுப்பா இருக்கும்."

எடுப்பாகத்தான் இருந்தது. பழக்கதோஷத்தில் சிகரெட் பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கோயில் முன்னால் மேடை. அம்மனுக்கு நேரெதிரே பந்தல். முன்வரிசையில் இன்ஸ்பெக்டர். நடுவர் உடையார்பாளையம் ராஜராஜன், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கையில் மணியோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு அணியிலும் மற்றவர்கள் பேசி முடித்தார்கள். யார் என்ன பேசினார்கள் என்பது அவர்களுக்கே நினைவில்லை. அப்புறம் முத்தமிழ்செல்வன் எழுந்தார். கஞ்சாவை வேரோடு பிடுங்கி, காயவைத்து, கொளுத்தி, சாம்பலைக் கல்லாற்றில் கரைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். நடுநடுவே மூச்சு வாங்கி இருமினார். சனம் அதை உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டது.

பூவிழி மைக்கைப் பிடித்தாள். முத்தமிழ்செல்வன் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நடுவர் அய்யா, கஞ்சா நல்லதுன்னு சொல்ல நான் வரல. சட்டம் என்ன செய்யணும்னுதான் பேச வந்திருக்கேன். ஒரு பையன் பையில ஒரு பொட்டணம் இருந்துச்சுன்னு பிடிக்கிறாங்க. கேஸ் ஆவுது. படிப்பு போவுது. வேலைக்குப் போனா, உம் மேல கேஸ் இருக்குங்கறான். பொட்டணத்தை மொத்தமா வித்தவன் எங்கயோ நல்லாத்தான் இருக்கான். அந்தப் பையனுக்கு வேண்டியது ஜெயிலா, வைத்தியமா? புத்து நோயில துடிக்கிறவங்களுக்கு அதுலேர்ந்து மருந்து எடுக்கறாங்களாம். அதையும் சேத்து ஏன் பூட்டி வைக்கணும்?"

இன்ஸ்பெக்டர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார். வேலிக்கு ஆவும் என்று எப்போது சொல்வாள் என்று காத்திருந்த முத்தமிழ்செல்வனுக்கு நாற்காலி குத்த ஆரம்பித்தது.

"அடுத்தது" என்றாள் பூவிழி. "கஞ்சா கெட்டதுன்னு டாக்டர் சொல்றாராம். டாக்டர் என்ன கடவுளா? எங்க பெரிய மாமனாரு எண்பத்தஞ்சு வயசு வரைக்கும் ஊதுனாரு. அனுமதிச்சா அரசாங்கத்துக்கு வரி வரும். கெட்டதுன்னா அரசாங்கம் வரி வாங்குமா? சட்டமே ஒத்துக்கிட்டதை வூட்டுல இருக்கற பொம்பளை எப்புடிங்க தடுக்கறது? அவ என்ன சட்டத்துக்கு மாமியாளா?"

பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பும் கைதட்டலும் கிளம்பின. முத்தமிழ்செல்வனுக்கு இந்த வார்த்தைகளை எங்கேயோ கேட்ட ஞாபகம். எங்கே என்று யோசிக்க நேரமில்லை. சனம் அந்தப் பக்கம் சாய்கிறது! நாற்காலி நகர்கிறது! துள்ளி எழுந்தார்.

"நடுவர் அவர்களே! பொட்டணத்தோட பிடிபட்ட பையனுக்கு வைத்தியம் குடுப்போம். நோயாளிக்கு டாக்டர் கையால மருந்து குடுப்போம். அதுக்காகத் தெருவுல கடை தொறக்கணுமா? டாக்டர் கடவுளான்னு கேக்குறாங்க. கடவுளே வந்து சொன்னாலும் கேக்காதவங்க கேக்குற கேள்வி இது! பெரிய மாமனாரு எண்பத்தஞ்சு வயசு வாழ்ந்தாராம். ஒருத்தர் தப்பிச்சாருன்னு ஊரே கெணத்துல குதிக்கலாமா? அரசாங்கம் வரி வாங்குனா நஞ்சு பாலாயிடுமா? சட்டம் அனுமதிச்சா நுரையீரலும் அனுமதிச்சிருமா? கட்டுனவ கண்ணுல தண்ணி வர்றப்ப, நீ என்ன சட்டத்துக்கு மாமியாளான்னு கேக்குறவன் மனுசனா?"

விசில் பறந்தது. ராஜராஜன் மணி அடிக்க மறந்தார். தன் வாழ்நாளில் இவ்வளவு நன்றாகப் பேசியதில்லை என்று முத்தமிழ்செல்வனுக்கே தெரிந்தது.

பூவிழி மெல்ல எழுந்தாள்.

"எதிரணித் தலைவர் சொன்னது அத்தனையும் உண்மைங்க அய்யா. எங்கிட்ட பதில் இல்ல. ஒரே ஒரு சந்தேகம். அவரு சட்டைப் பையில தெரியுதே ஒரு பெட்டி, அதுக்கும் இதெல்லாம் பொருந்துமா, பொருந்தாதா?"

பந்தல் மொத்தமும் அந்த மெல்லிசான வெள்ளைச் சட்டையைப் பார்த்தது. மேடை லைட்டில் பெட்டியின் நிறம்கூடத் துல்லியமாகத் தெரிந்தது.

ராஜராஜன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "நல்ல கேள்வி. பொருந்தாதுன்னா, முத்தமிழ்செல்வன், உங்க வாதம் மொத்தமும் விழுந்துரும். சட்டம் விட்டா சரிதான்னு ஆயிரும். அந்தம்மா ஜெயிச்சுருவாங்க."

முத்தமிழ்செல்வன் நாற்காலியைப் பார்த்தார். சனத்தைப் பார்த்தார்.

"பொருந்தும்!" என்று கர்ஜித்தார். பெட்டியை உருவி மேடைக்குக் கீழே வீசினார். கைதட்டல் பந்தலைத் தூக்கியது. கைதட்டலை இன்னும் எந்தச் சட்டமும் தடை செய்யவில்லை. ஆனால் ஏறினால் இறங்காத போதை அது ஒன்றுதான். "இன்னியோட விட்டேன்! சிகரெட்டைக் கையால தொட மாட்டேன்!"

"இதை வூட்டுல நெறைய தடவை கேட்டிருக்கேங்க அய்யா" என்றாள் பூவிழி. "ஆத்தா எதிரதான் இருக்கா. சூடம் அணைச்சுச் சொல்லச் சொல்லுங்க, என் தோல்வியை ஒத்துக்கறேன்."

அந்த ஊரில் பத்திரத்தில் போட்ட கையெழுத்தை மீறியவர்கள் உண்டு. சூடம் அணைத்துச் சொன்ன சொல்லை மீறியவர் கிடையாது. ஆடு களவு போனாலும், வாய்க்கால் தண்ணீர்த் தகராறு என்றாலும் ஆத்தா முன்னால் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. மீறினால் ஆத்தா பார்ப்பாள் என்பது ஒரு பயம். ஊர் பார்க்கும் என்பது அதைவிடப் பெரிய பயம்.

பூவிழி கைப்பையைத் திறந்து சூடத்தையும் தீப்பெட்டியையும் எடுத்தாள். கமிட்டித் தலைவர் வீரமணியே தாம்பாளம் கொண்டுவந்தார். சூடம் எரிந்தது. சனம் எழுந்து நின்றது. முத்தமிழ்செல்வன் ஒரு அடி அடித்தார். சூடம் அணைந்தது. அதோடு சேர்ந்து இன்னொன்றும் அணைந்தது என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

தீர்ப்பு அவர் பக்கம். பொன்னாடையும் அவருக்கே. அடுத்த வருசம் நடுவர் முத்தமிழ்செல்வன்தான் என்று வீரமணி மைக்கிலேயே அறிவித்தார். பூவிழிதான் முதலில் கைதட்டினாள்.

வீட்டுக்கு வந்து, பொன்னாடையை மடித்து வைத்துவிட்டு, வெற்றியைக் கொண்டாட முத்தமிழ்செல்வன் சட்டைப் பையில் கையை விட்டார். விரல் வெறும் துணியில் உலாவியது. ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மகளிர் குழு கொடுத்த தலைப்பு. மெல்லிசான சட்டை. டாக்டர் என்ன கடவுளா. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருசம் தன் பேச்சைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவள் என்று நினைத்தோமே, ஒரு வார்த்தை விடாமல் சேர்த்து வைத்திருந்தாளே! கோபம் வரும் என்று காத்திருந்தார். வந்தது பெருமைதான். அவ்வளவு பெரிய பந்தலில் தன்னை அடிக்கத் தன்னைவிட்டால் ஆளில்லை என்று கண்டுபிடித்த மூளை எவ்வளவு பெரிய மூளை!

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது.

"ஏ பூவிழி, பட்டிமன்றத்துக்கு வர்றவ கைப்பையில எதுக்குடி சூடம்?"

"ஜெயிச்சா உங்களுக்குத் திருஷ்டி சுத்திப் போட வேணாமாங்க?" மிச்சமிருந்த சூடத்தோடு அவர் முன்னால் வந்து நின்றாள். "ஊர்க் கண்ணு பூரா உங்க மேலதான்."

"நான்தான் ஜெயிப்பேன்னு உனக்கு எப்புடி முன்னாடியே தெரியும்?"

பூவிழி அவர் தலையை மூன்று தரம் சுற்றினாள்.

"உங்களை நான் தோக்க விட்டுருவேனாங்க?"