ஒரு நிமிடத்துக்கு ஆறு விசில்

சுவிற்சர்லாந்து மலைக்கு நாற்பது லீற்றர் குடிதண்ணீர் ஏற்றிக்கொண்டு போன முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன். ஊருக்கு ஊர் தொட்டி கட்டி, அதில் குளிர்ந்த ஊற்றுத்தண்ணீரை இருபத்துநாலு மணிநேரமும் ஓடவிட்டிருக்கும் நாடு இது. எனக்கும் அது தெரியும். ஆனால் என் கையிலிருந்த திட்டம் இந்த நாட்டுக்கானது அல்ல.

அது அவுஸ்திரேலியாவுக்கானது. அங்கே நடுவில் கிடக்கும் செம்மண் பாலைநிலத்தை ஃபோர் வீல் வாகனத்தில் மூன்று கிழமை ஓடிக் கடப்பது. வழியில் ஒரு மனிதரையும் காணாமல் இருப்பது. பாசல் நகரில் ஒரு பெரிய உணவகத்தின் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் நின்றவனுக்கு இந்த ஆசை வந்ததில் அதிசயம் இல்லை. நாள் முழுக்கத் தட்டுச் சத்தம், ஓடரைக் கத்திச் சொல்லும் சத்தம். வீட்டுக்கு வந்தால் ஜன்னலுக்குக் கீழே ட்ராம். ஆளில்லாத ஒரு இடத்தைச் சாவதற்கு முன் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வருடம் வாசித்து, எண்பது பக்கத்தில் ஒரு கோப்புத் தயாரித்தேன். (அதுவரை நான் ஓட்டிய மிகக் கடினமான பாதை, கடைத்தொகுதியின் நிலக்கீழ்த் தரிப்பிடத்துக்கு இறங்கும் வளைவு.)

என் மனைவி சுகந்தி பார்சல் வான் ஓட்டுபவள். பனியோ மழையோ, பாசலைச் சுற்றியுள்ள மலைக்கிராமங்களுக்குப் பதினொரு வருடமாகப் பொதி கொண்டுபோய்க் கொடுக்கிறாள். கோப்பை முழுவதும் புரட்டிப் பார்த்தாள்.

“நல்லா எழுதியிருக்கிறியள். முதல்ல இஞ்சை ஒரு நாள் ஓடிக் காட்டுங்கோ. பிறகு அவுஸ்திரேலியாவைப் பற்றிக் கதைப்பம்.”

ஆகவே ஒத்திகை. அவளுடைய தம்பி தோட்டவேலைக்கு வைத்திருந்த ஜீப்பை இரவல் வாங்கினேன். எங்கடின் என்ற மலைப்பகுதியில் ஒரு பக்கப் பள்ளத்தாக்கில், மாடு மேய்ப்பவர்கள் மட்டும் போகும் கல்பாதைக்கு, ஊர்ச்சபைக்குக் கடிதம் எழுதி ஒரு நாள் அனுமதி எடுத்தேன். செப்ரெம்பரில் ஒரு சனிக்கிழமை காலை புறப்பட்டோம். அப்போது பதினைந்து வயதான மகள் அபிநயா பின்சீற்றில், தண்ணீர்க் கலன்களுக்கு நடுவே முழங்காலை மடித்துக்கொண்டு இருந்தாள்.

“அப்பா, தண்ணி மலையில இருந்துதானே வருது. நாங்கள் ஏன் அதைத் திருப்பிக் கொண்டு போறம்?”

“இது ட்ரெயினிங்,” என்றேன்.

இரண்டு மணிநேரம் ஏறினோம். மரங்கள் குட்டையாகி, பிறகு இல்லாமலே போயின. கல்பாதை ஒரு புல்வெளியில் போய் முடிந்தது. நான் இறங்கி, இடுப்பில் கை வைத்து, பாலைநிலத்தைக் கண்டுபிடித்தவன் மாதிரி நின்றேன். அந்த நேரம் பார்த்து முகில் இறங்கியது.

ஐந்து நிமிடத்தில் ஜீப்பின் முன்பகுதி தெரியவில்லை. பதறிப்போய் ஏறி, வண்டியைத் திருப்பப் பார்த்தேன். பின்சில்லு புதைந்தது. மிதித்தேன். இன்னும் புதைந்தது. என் எண்பது பக்கமும் மணலைப் பற்றியவை. இது சேறு.

“இனி அசைக்கக் கூடாது,” என்றாள் சுகந்தி. “விளிம்பு எங்கை எண்டு தெரியேல்லை. முகில் விலகட்டும்.”

ஒரு மணிநேரம் போயிற்று. முகில் விலகவில்லை. கைபேசியில் சிக்னல் ஒரு கோடும் இல்லை. அபிநயாவின் உதடு நடுங்கத் தொடங்கியது. என் ஜக்கெற்றையும் கழற்றிப் போர்த்திவிட்டேன்.

“அப்பா, நாங்கள் இஞ்சை நிக்கிறம் எண்டு ஆருக்காவது தெரியுமோ?”

தெரியாது. அனுமதி தந்த ஊர்ச்சபையும் சனிக்கிழமை பூட்டு. ஆளே வராத இடம் என்று தேடித்தேடி எடுத்த இடம் அது. ஒரு வருடமாக ஆசைப்பட்ட தனிமை முழுசாகக் கிடைத்து, ஒரு மணிநேரத்தில் எனக்குப் போதும் என்றாகிவிட்டது.

கோப்பில், இந்த ஒத்திகைக்கென்று கடைசியில் சேர்த்த ‘ஆபத்து’ என்ற பகுதியைத் திறந்தேன். மலையில் உதவி கேட்பவர் நிமிடத்துக்கு ஆறு தரம் விசிலடிக்க வேண்டும், கேட்டவர்கள் நிமிடத்துக்கு மூன்று தரம் பதில் கொடுப்பார்கள் என்று எழுதி வைத்திருந்தேன். கழுத்தில் தொங்கிய விசிலோடு கீழே இறங்கி, மணிக்கூட்டைப் பார்த்து ஆறு தரம் ஊதினேன்.

முகிலுக்குள்ளிருந்து பதில் வந்தது!

“கேட்டியளோ? ஆக்கள் இருக்கினம்!” என்று கத்தினேன். மறுபடி ஊதினேன். மறுபடி பதில். இம்முறை இரண்டு பக்கமிருந்து.

“ரெண்டு குழு அனுப்பியிருக்கிறாங்கள்,” என்றேன். (நாங்கள் மாட்டிக்கொண்டது யாருக்கும் தெரியாதபோது யார் அனுப்பியிருப்பார்கள் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை.)

“மூண்டு தரம்தானே அடிக்க வேணும்?” என்றாள் அபிநயா உள்ளேயிருந்து. “நான் எண்ணினன், பதினொண்டு.”

“அவையளுக்கும் பதட்டம் இருக்காதோ?” என்று சொல்லிவிட்டு, விசிலை ஊதியபடி சத்தம் வந்த பக்கமாக நடந்தேன். பத்துப் பதினைந்து அடி போயிருப்பேன். ஓடிவந்த சுகந்தி என் சுவெற்றரைப் பின்னால் பிடித்து இழுத்தாள்.

“இஞ்சேருங்கோ, நில்லுங்கோ! ஒரு அடி வைக்கக் கூடாது!”

நின்றேன். அப்போது காற்று அடித்தது. முகில் நடுவால் கிழிந்து, இரண்டு பக்கமும் விலகியது.

எனக்கு முன்னால் ஏழெட்டு அடி புல். அதற்கப்பால் நிலம் இல்லை. கீழே, மிகக் கீழே, ஒரு பனியாறு கிடந்தது. அதன் வெடிப்புகளுக்குள் நீலம் இருந்தது. நான் எந்தத் துணியிலும், எந்தக் கடலிலும் காணாத நீலம். அதற்கு மேலே மலை. நிமிர்ந்து பார்த்தேன், முடியவில்லை. கழுத்தை இன்னும் வளைத்தேன், அப்போதும் மலை முடியவில்லை. எங்கோ பனி உடைந்து சரிவது கண்ணுக்குத் தெரிந்தது. அதன் சத்தம் சற்றுப் பிறகுதான் வந்து சேர்ந்தது. நாங்கள் பிறப்பதற்கு முன்பும் அது அப்படித்தான் உடைந்துகொண்டிருந்திருக்கும், கேட்க ஆள் இல்லாமல். அபிநயாவும் வந்து பக்கத்தில் நின்றாள். சுகந்தி என் சுவெற்றரை விடவில்லை. நான் கும்பிட்டேனாம். எனக்கு ஞாபகம் இல்லை, மகள் சொல்கிறாள்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ தெரியாது. பக்கத்தில் விசில் கேட்டது.

திரும்பினோம். விளிம்போரப் பாறைகளில், பூனையைவிடப் பெரிதாய், கொழுத்து, மண்ணிறமாய், முன்காலிரண்டையும் நெஞ்சில் வைத்து நிமிர்ந்து நின்றன ஆறேழு உருவங்கள். ஒன்று என்னைப் பார்த்து இன்னொரு தரம் விசிலடித்தது.

“அப்பா,” என்றாள் அபிநயா மெதுவாக, “அது முர்மெலி.”

முர்மெலி என்பது மலையில் வளை தோண்டி வாழும் பெரிய அணில் சாதி. எதிரி வந்தால் விசிலடித்து மற்றவற்றை எச்சரிக்கும். அன்றைக்கு எதிரி நான்.

சுகந்தி அப்படியே புல்லில் குந்தியிருந்து சிரித்தாள். கண்ணீர் வழிய, பயம் எல்லாம் வெளியே வரும்வரை சிரித்தாள். பிறகு எழும்பி, என் கையிலிருந்து ஜீப்பின் திறப்பை வாங்கினாள். தண்ணீரை ஊற்றிப் பாரத்தைக் குறைக்கச் சொன்னாள். நாற்பது லீற்றரையும் மலைக்கே திருப்பிக் கொடுத்தேன். கால்மிதி விரிப்புகளைச் சில்லுக்குக் கீழே சொருகி, வண்டியை முன்னுக்கும் பின்னுக்கும் மெல்ல ஆட்டி, நாலாவது தரத்தில் வெளியே எடுத்தாள். நாள்தோறும் செய்யும் வேலைபோல இருந்தது. இறக்கம் முழுக்க அவளே ஓட்டினாள். நான் பக்கத்துச் சீற்றில் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

பாதி வழியில் கேட்டாள்: “அவுஸ்திரேலியாவில முர்மெலி இருக்கோ?”

“இல்லை.”

“அப்ப அங்கை ஆர் உங்களுக்குப் பதில் சொல்லுறது?”

அவுஸ்திரேலியப் பயணத்தைப் பற்றி எங்கள் வீட்டில் நடந்த கடைசிப் பேச்சு அதுதான். ஒவ்வொரு செப்ரெம்பரிலும் அதே பள்ளத்தாக்குக்கு இப்போது நடந்து போகிறோம். விளிம்பிலிருந்து இருபது அடி தள்ளி நின்று பார்ப்போம். எனக்கு இன்னும் அந்த மலை முடிகிற இடம் சரியாகத் தெரியவில்லை.

அபிநயா இப்போது சூரிச்சில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ கோல் எடுப்பாள். போன கிழமை கதைத்துக்கொண்டிருந்தபோது எங்கள் குசினியில் பருப்பு வெந்து பிரஷர் குக்கர் ஊதியது. அவள் பேச்சை நிறுத்திக் காது கொடுத்தாள்.

“அம்மா, அப்பாவைக் காப்பாத்த ஆக்கள் வந்திட்டினம். ஓடிப்போய்க் கதவைத் திறவுங்கோ!”