மெதக்குமா அங்கிளும் என் வளையலும்

இந்த உலகத்தில் உள்ள சகல பொருள்களையும் இரண்டே ஜாதியாகப் பிரித்து வைத்திருந்த ஒரே மனிதர் கிள்ளானில், வரிசை வீடுகள் நிறைந்த எங்கள் தாமானில்தான் குடியிருந்தார். மிதப்பது ஒரு ஜாதி, மூழ்குவது இன்னொரு ஜாதி. மூன்றாவது கிடையாது. மனிதர்களைப் பிரித்துப் பார்ப்பதில் அவருக்குத் துளி ஆர்வமும் இல்லை. பூசணிக்காய், பூட்டு, சோப்பு, செருப்பு இவற்றைப் பற்றித்தான் கவலை.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் மெதக்குமா அங்கிள். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின் அறிவியல் கூடத்தில் உதவியாளராக முப்பது வருஷம் பீக்கர் கழுவி ஓய்வு பெற்றவர். பீக்கரை விட்டு வந்தாரே தவிர, தண்ணீரை விட்டு வரவில்லை. வீட்டு முன்னால் கார் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு நீல வாளி கழுத்து வரை தண்ணீரோடு நிற்கும். கொசு மருந்து அடிக்க வந்த இருவர் ஒருமுறை அந்த வாளியைப் பார்த்து முகம் சுளித்தார்கள். "டெய்லி தண்ணி மாத்துறேன் பாஸ்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் கையிலிருந்த டார்ச்லைட்டைக் காட்டி, "இது மெதக்குமா?" என்று கேட்டார். அதற்கப்புறம் அவர்கள் எங்கள் வரிசையை ஓட்டமாகக் கடந்துவிடுவார்கள்.

கையில் பையோடு யாரும் அவர் வீட்டு கேட்டைத் தாண்ட முடியாது.

"கேர்ள், பையில என்ன?"

"பழம் அங்கிள்."

"மெதக்குமா, முங்குமா? சொல்லிட்டுப் போ. ஒரு தே தாரிக் பெட்டு."

நான் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டிருந்த வயது. இவ்வளவு பெரிய தர்பூசணி மூழ்கும், இத்தனூண்டு திராட்சை மிதக்கும் என்று அடித்துச் சொன்னேன். வாளியில் தர்பூசணி ஜம்மென்று மிதந்தது. திராட்சை நேராக அடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

"பெருசு சின்னது பாக்காதே லா. அதே அளவு தண்ணியவிட அது கனமா, லேசா? அதான் கேள்வி. முடிஞ்சிச்சு" என்றார். அதிலிருந்து தோற்றுத் தோற்றே நான் அவருக்கு வாங்கிக் கொடுத்த தே தாரிக் டீயில் அந்த வாளியைப் பலமுறை நிரப்பியிருக்கலாம்.

எங்கள் தாமானின் மளிகைக்கடைக்காரர் சிவா அண்ணனுக்கு அங்கிளைக் கண்டாலே காய்ச்சல் வரும். அங்கிள் முட்டை வாங்க வரும்போது கையோடு சின்ன வாளி ஒன்றும் கொண்டுவருவார். ஒருநாள் கடை நிறையப் பெண்கள் நிற்கும்போது முட்டை ஒன்று அந்த வாளியில் பந்து மாதிரி மேலே வந்து நின்றது.

"தம்பி, இது போன தீபாவளி முட்டை லா."

ஐந்து பெண்கள் கையிலிருந்த முட்டைகளை அப்படியே திரும்ப வைத்தார்கள்.

"அங்கிள், நீங்க முட்டை வாங்க வரீங்களா, என் கடைய மூட வரீங்களா?"

"நான் என்ன பண்றது? நாளாக நாளாக ஓடு வழியாத் தண்ணி வெளிய போயி, காத்து உள்ள வந்திருச்சு. உள்ள என்னா இருக்குன்னு வெளியே பாத்தா தெரியாது. தண்ணிகிட்ட கேட்டாத்தான் தெரியும்."

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சொன்னவரே மறந்துபோன ஒரு நாள் வந்தது.

அதற்கு முன்னால் ஒரு கல்யாண விருந்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மேசையில் சிவப்பாக சீராப் தண்ணீர் வைத்தார்கள். அங்கிள் தன் கிளாஸில் ஐஸ் கட்டிகளைப் போட்டு, விளிம்புக்கு ஒரு நூல் கீழே வரை சீராப்பை ஊற்றினார். ஐஸ் விளிம்புக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு மிதந்தது.

"இது எல்லாம் கரையட்டும். ஒரு சொட்டு வெளிய வராது" என்று அறிவித்தார்.

"வழியும் அங்கிள். மேல அவ்ளோ நிக்குதே" என்றார்கள் எல்லோரும்.

அவ்வளவுதான். மேசையை யாரும் தொடக் கூடாது. பிரியாணி ஆறியது. போட்டோ எடுக்க எங்கள் மேசைக்கு வந்த மாப்பிள்ளையையும் பெண்ணையும் "ஆட்டாதீங்க, ஆட்டாதீங்க" என்று தள்ளி நிற்க வைத்தார். பக்கத்து மேசைக்காரர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்கள். கடைசிக் கட்டியும் கரைந்தது. கிளாஸைச் சுற்றி மேசைத் துணியில் ஈரமாக ஒரு வட்டம்.

"வழிஞ்சிருச்சு!" என்று மண்டபமே கத்தியது.

அங்கிள் அசரவில்லை. ஈரத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "சீராப்னா இனிக்கணும். தொட்டு நக்கிப் பாருங்க! இது காத்துல ஆவியா இருந்த தண்ணி லா. கிளாஸ் ஜில்லுனு இருக்கவும் வந்து ஒட்டிக்கிச்சு."

வேட்டி கட்டிய மூன்று பெரிய மனிதர்கள் மேசைத் துணியைத் தொட்டுத் தொட்டு நக்கியதை நான் கண்ணால் பார்த்தேன். இனிக்கவில்லையாம்.

இப்படி ஒரு தடவைகூடத் தோற்காத மனிதரிடம்தான் என் கல்யாணம் போய் மாட்டியது.

செராஸ் ஊர்க்காரன் குமரனை நானே பார்த்து, நானே பிடித்து, அப்பாவிடம் இரண்டு வருஷம் மல்லுக்கு நின்று சம்மதம் வாங்கியிருந்தேன். அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். எந்தச் சாமானையும் நம்பி ஏற்ற மாட்டார், மாப்பிள்ளையையும் அப்படித்தான். பரிசம் போட இரண்டு வாரம் இருக்கும்போது குமரனின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். கணவர் போன பிறகு வடை சுட்டு விற்று மகனைப் படிக்க வைத்தவர். சுண்டுவிரல் தடிமனில் இரண்டு வளையல்களை என் கையில் போட்டுவிட்டு, "எங்க அம்மாவோடதும்மா" என்றார்.

அவர் போனதும், அம்மா இல்லாத எங்கள் வீட்டை ஆண்டுவந்த சரசு அத்தை ஒரு வளையலைக் கழற்றிக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"இவ்ளோ மொத்தமா இருக்கு. கனத்தைக் காணோமே?"

நகைக்கடைக்குக் கொண்டுபோகலாம்தான். ஆனால் லிட்டில் இந்தியாவில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் அத்தைக்குத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார், சாயங்காலத்துக்குள் கிள்ளான் முழுக்கத் தெரிந்துவிடும். "மானம் போயிரும். பேசாம மெதக்குமா அண்ணன்கிட்ட காட்டுவோம்" என்றார் அத்தை. நானும் கூடப் போனேன். அந்தப் புத்தி எனக்கு எங்கே போயிற்று என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அங்கிள் குஷியாகிவிட்டார். சமையலறைத் தராசில் வளையலை நிறுத்தார். பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து, வளையலை நூலில் கட்டி, அடியில் படாமல் உள்ளே தொங்கவிட்டார். அது எவ்வளவு தண்ணீரை ஒதுக்குகிறது என்று பார்த்து, காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டார். இன்னொரு தரம் போட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தங்கம்னா, அதே அளவு தண்ணியவிட பதினேழு பதினெட்டு மடங்கு கனம் இருக்கணும். இது ஒம்பதுகூட வரல. செம்பும்மா. மேல முலாம்."

"நெஜமாவா அங்கிள்?"

"எனக்கே கஷ்டமா இருக்கு. ஆனா தண்ணி பொய் சொல்லாது."

எனக்குக் கை கால் ஓடவில்லை. அத்தைக்கு நன்றாகவே ஓடியது. நான் வீடு வந்து சேர்வதற்குள் அவர் ஏழு வீடுகளில் சொல்லி முடித்திருந்தார். அப்பா, "பரிசம் கிடையாது. வளையலத் திருப்பிக் குடுத்துரு" என்று சொல்லிவிட்டு டிவியைப் போட்டார். குமரனுக்குப் போன் செய்தேன். "எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க" என்றான். "தண்ணியும் சொல்லாது" என்றேன் நான். அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பிறகு இரண்டு நாள் நாங்கள் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குமரன் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். அப்பா சாட்சிக்கு அங்கிளையும் வரச் சொல்லியிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அங்கிள் வாளி இல்லாமல் வந்திருந்தார்.

குமரனின் அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். குரல் உயரவில்லை.

"அண்ணே, எங்கம்மா டெங்கில் ரப்பர் தோட்டத்துல பால்மரம் சீவி இதை வாங்கினாங்க. சாகுற வரைக்கும் இத போட்டுக்கிட்டு சுடுதண்ணில கையை விட்டதில்ல. அவ்ளோ பத்திரமா வச்சிருந்தாங்க. வேணாம்னா குடுத்திருங்க, எடுத்துட்டுப் போறேன். செம்புன்னு மட்டும் சொல்லாதீங்க."

நான் குமரன் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அங்கிள் எழுந்து நின்றார்.

"ஏன் சுடுதண்ணில விடல?"

"தெரியாது அண்ணே. விடக் கூடாதுன்னு சொல்லுவாங்க. அதான் எனக்கும் சொன்னாங்க."

அங்கிளின் முகம் வெளுத்துப்போனது. குமரனின் அம்மாவுக்கு முன்னால் போய்க் கைகூப்பினார்.

"அம்மா, ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, இத சுடுதண்ணில போட விடுவீங்களா? என்னா ஆனாலும் நகைக்கடையில நானே சரி பண்ணிக் குடுத்துர்றேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "போடுங்க" என்றார்.

கேத்தலில் கொதித்த தண்ணீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி, வளையலை உள்ளே விட்டார் அங்கிள். எல்லோரும் குனிந்து பார்த்தோம். வளையலின் பூட்டுக்குப் பக்கத்தில், கண்ணுக்கே தெரியாத ஒரு துளையிலிருந்து ஊசிமுனை அளவில் குமிழிகள் வரிசையாக மேலே வந்தன. கொஞ்ச நேரத்தில் குமிழி நின்றது. அதே இடத்தில் கருஞ்சிவப்பாக, மிளகு அளவில் ஏதோ ஒன்று இளகி எட்டிப் பார்த்தது.

"அரக்கு!" அங்கிள் கத்திய கத்தில் அப்பா பின்னால் நகர்ந்தார். "பாத்தீங்களா, உள்ள இருந்த காத்து சூட்டுல பெருத்து, அழுத்தம் தாங்காம வெளிய வந்துச்சு. அப்புறம் அரக்கு இளகுது. தங்கத்தகட்ட உள்ள கூடா வச்சு, நசுங்காம இருக்க அரக்கு ஊத்தியிருக்கான் ஆசாரி. செம்புல அரக்கு இருந்தா ஒம்பதுக்குக் கிட்டகூட வராது. மேல அத்தனையும் தங்கம் லா! நான் தங்கத்தையும் அரக்கையும் சேத்து வச்சு எடை போட்டிருக்கேன்."

குரல் சட்டென்று இறங்கியது.

"தண்ணி பொய் சொல்லலம்மா. நான்தான் கேள்விய தப்பாக் கேட்டுட்டேன். முட்டைக்குள்ள காத்து இருக்கும்னு தெரிஞ்ச எனக்கு, வளையலுக்குள்ள அரக்கு இருக்கும்னு தோணல. மன்னிச்சிருங்க."

குமரனின் அம்மா அப்போதுதான் அழுதார். அப்பா தலையைத் தூக்காமல், "பரிசம் அன்னைக்கே வச்சுக்கலாம், தங்கச்சி" என்றார். நான் குமரனிடம் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. பெரும்பாலும் ஸாரிதான்.

அங்கிள் அத்தையின் பக்கம் திரும்பினார். "எத்தன வீட்டுல சொன்ன?"

"ஏழு" என்றார் அத்தை, எட்டாவதை விழுங்கிக்கொண்டு.

அங்கிள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வெயில் கொளுத்தியது. ஒவ்வொரு கேட்டாக நின்று, உள்ளே இருப்பவர்களை வெளியே கூப்பிட்டு, "நான்தான் தப்பாப் பாத்தேன். அது தங்கம். அந்தம்மா மேல ஒரு குத்தமும் இல்ல" என்று சொன்னார். மனம் கேட்காமல் நானும் பின்னாலேயே போனேன். ஏழாவது வீட்டில்தான் தெரிந்தது, எட்டாவது சிவா அண்ணன் கடை என்று. அங்கிள் தோற்கும் நாளுக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தவர் சிவா அண்ணன். என்னென்ன சொல்லப்போகிறாரோ என்று பயந்தேன். அங்கிள் அதே வார்த்தைகளைத் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தார். சிவா அண்ணன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "வெயில்ல ஏன் அங்கிள், உக்காருங்க" என்றார்.

மறுநாள் அங்கிளே லிட்டில் இந்தியாவுக்குப் போய்த் துளையை அடைத்துக்கொண்டு வந்தார். இருபத்திரண்டு காரட் என்று ஆசாரி உரசிப் பார்த்துச் சொன்னாராம். அங்கிளின் கதையைக் கேட்டுக் கடையே சிரித்ததாம். அதையும் அவரேதான் வந்து எங்களிடம் சொன்னார்.

என் கல்யாணத்துக்கு எவர்சில்வர் வாளி ஒன்று பரிசு கொடுத்தார். அது இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அந்த வளையல் கையில் இருக்கும் நாளெல்லாம் நான் சுடுதண்ணீரில் கை வைக்கக் கூடாது என்பதால், பாத்திரம் கழுவுவது குமரன். அதற்காகவே அடிக்கடி போட்டுக்கொள்கிறேன்.

போன வருஷம் அங்கிள் போய்விட்டார். அஸ்தி கரைக்க, அவருடைய மகள், நான், குமரன், சிவா அண்ணன் எல்லோரும் காலையில் படகில் போனோம். என் மாமியாரும் வருவேன் என்று பிடிவாதமாக வந்தார். மகள் அஸ்தி இருந்த மண்கலயத்தை மெதுவாகக் கடலில் விட்டாள். அது லேசாகச் சாய்ந்தபடி தண்ணீர்மேல் நின்றது. எல்லோர் மனதிலும் ஒரே கேள்விதான் என்று எனக்குத் தெரியும்.

சிவா அண்ணன்தான் தாங்க முடியாமல் கேட்டுவிட்டார். "மெதக்குமா?"

அழுதுகொண்டிருந்த மகள்தான் முதலில் சிரித்தாள்.

"மெதக்கும். ஒரு தே தாரிக்" என்றேன் நான்.

கலயம் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே இருந்தது. வாய் வழியாகத் தண்ணீர் புகுந்ததும், மெதுவாகக் கீழே போய்விட்டது. கரைக்கு வந்து சிவா அண்ணனுக்கு நான் தே தாரிக் வாங்கிக் கொடுத்தேன். அங்கிளால் நான் தோற்ற பந்தயங்கள் எத்தனையோ. ஜெயிக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது அந்த ஒன்றில்தான்.